மைனஸ் 2 டிகிரியில் நின்றுபோன வேன்: வீட்டு பயோடீசல் குளிருக்கு ஆகுமா?

எண்ணெய்க்குடம்:
மூன்று வருடமாக, பொரித்து மிஞ்சிய எண்ணெயை வீட்டிலேயே பயோடீசலாக மாற்றி என் பழைய வேனில் ஊற்றுகிறேன். வெயில் காலத்தில் முழுக்க அதுதான். குளிரில் பாதிக்குப் பாதி டீசல் கலப்பேன். போன வாரம் விடியற்காலை மைனஸ் 2 டிகிரி. ஸ்டார்ட் ஆன வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் இழுவை குறைந்து நின்றுவிட்டது. ஃபில்டரைக் கழற்றினால் காகித மடிப்பெல்லாம் வெண்ணெய் தடவியது போல இருந்தது. டீசல் உறையாமலிருக்க விற்கிற மருந்தையும் ஊற்றியிருந்தேன். எங்கே தவறு?

பம்ப்மேஜை:
குளிரில் அதை ஊற்றியதே தவறு. அந்த மருந்து டீசலில் உள்ள மெழுகுக்காகச் செய்தது, பயோடீசல் படிகத்திடம் பெரிதாக எடுபடாது. உங்கள் பழைய பம்புக்கு உயவே எரிபொருள்தான். ஃபில்டர் அடைத்துப் பம்ப் வறண்டு ஓடினால் உள்ளே தேய்ந்துவிடும். அப்படித் தேய்ந்த பம்புகளை என் மேஜையில் பிரித்துப் பார்த்திருக்கிறேன். குளிர் முடியும்வரை டீசல் மட்டும் ஊற்றுங்கள்.

மெத்தில்:
அண்ணே, இப்படி ஒரேயடியாகச் சொன்னால் எப்படி? எந்த எண்ணெய் என்று முதலில் கேட்க வேண்டாமா? கனோலாவில் (கடுகு இனத்து எண்ணெய்) செய்த பயோடீசல் மைனஸ் 3 டிகிரி வாக்கில்தான் கலங்கத் தொடங்கும். சோயா பூஜ்யத்தை ஒட்டி. பாமாயிலும் மாட்டுக்கொழுப்பும் 13, 15 டிகிரியிலேயே கலங்கிவிடும். பாமாயில் பயோடீசலில் நிறைய இருக்கும் பால்மிடேட் என்ற கூறு தனியாக இருந்தால் 30 டிகிரியிலேயே கட்டி. கனோலா பயோடீசலில் நிறைய இருக்கும் ஓலியேட் என்ற கூறோ மைனஸ் 20 வரை திரவம். பெயர் ஒன்றுதான், சரக்கு வேறு வேறு.

எண்ணெய்க்குடம், ஃபில்டரில் இருந்த அந்த வெள்ளையை அறைக்குள் வைத்துப் பார்த்தீர்களா?

எண்ணெய்க்குடம்:
கண்ணாடி டம்ளரில் வழித்து அடுப்படியில் வைத்தேன். பெரும்பகுதி ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. அடியில் மட்டும் கிரீஸ் மாதிரி ஒரு படலம், மறுநாளும் அப்படியே இருந்தது. எண்ணெய் பல இடத்திலிருந்து வந்த கலவை, எது எவ்வளவு என்று தெரியாது.

மெத்தில்:
அந்தப் படலத்தைத்தான் பார்க்க வேண்டும். வெறும் மெழுகுப் படிகம் என்றால் சூட்டில் கரைந்திருக்கும். கரையாமல் நிற்பது, எண்ணெயைப் பயோடீசலாக்கும் வினை முழுதாக முடியாததால் தங்கிய மோனோகிளிசரைடாக, அதாவது கிளிசரின் இன்னும் ஒட்டியிருக்கும் அரைகுறைச் சரக்காக, இருக்கலாம். அது கலங்கும் வெப்பநிலைக்கு மேலேயே மெல்ல அடியில் இறங்கும். அமெரிக்காவின் மினசோட்டாவில் 2005-ல் டீசலில் 2 சதவீதம் பயோடீசலைக் கட்டாயமாக்கினார்கள். அந்த டிசம்பரிலேயே லாரிகளின் ஃபில்டர்கள் அடைத்து, விதியைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். கிளிசரின் அளவு மீறிய சரக்கும் அதற்கு ஒரு காரணம். 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசல் விட்டுக் குலுக்குங்கள். அடியில் எண்ணெய் இறங்கினால் வினை முடியவில்லை.

பம்ப்மேஜை:
தம்பி, நீங்கள் சொன்ன கதை என் கட்சிக்குத்தான் வலு. ஆய்வகம் வைத்திருக்கும் ஆலைகளின் சரக்கே தவறியபோது, வீட்டு டிரம்மை எப்படி நம்புவது? அப்புறம் அந்தக் குலுக்கல் சோதனை வினைபடாத எண்ணெயைத்தான் காட்டும். மோனோகிளிசரைடு மெத்தனாலில் கரைந்துவிடும், கண்ணுக்கே தெரியாது. சோதனை தேறியது என்று நம்பி ஊற்றுபவர்தான் நடுவழியில் நிற்பார்.

மெத்தில்:
அது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் குளிரையே சோதனையாக வைக்கச் சொல்கிறேன். டிரம்மைச் சில நாள் வெளியே குளிரில் விட்டு, அடியைக் கலக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து எடுங்கள். அடியில் தங்கியதை மறுபடி வினைக்கு விடலாம். கூடவே இரண்டாவது டேங்க் வைத்து, டீசலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடான பிறகு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்கு வந்துவிட்டால் ஃபில்டரில் எதுவும் தங்காது.

புகைவடி:
என்னுடையது காமன் ரெயில் (எரிபொருளை உயர் அழுத்தத்தில் தெளிக்கும் புது வகை), புகை வடிகட்டி உள்ள வண்டி. எனக்கும் இது ஒத்துவருமா?

பம்ப்மேஜை:
வேண்டாம். வடிகட்டியில் சேரும் கரியை எரிக்கப் பல வண்டிகள் சிலிண்டரிலேயே கூடுதலாக எரிபொருளைத் தெளிக்கும். பயோடீசல் எளிதில் ஆவியாகாமல் சுவரில் வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவுகோலில் மட்டம் ஏறுகிறதென்றால் அதுதான்.

மெத்தில்:
இதில் எனக்கும் மறுப்பில்லை.

எண்ணெய்க்குடம்:
நான்கு பாட்டில்களை வெளியே வைத்தேன்: முழு பயோடீசல், பாதி, 20 சதவீதம், வெறும் டீசல். முதல் இரவு மைனஸ் 3. விடிந்தபோது முழு பயோடீசல் பாட்டில் கட்டி, பாதிக் கலவை பால் போல. 20 சதவீதம் தெளிவாக இருந்தது. மெத்தில் சொன்னதுதான் சரி என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலை டார்ச் அடித்துப் பார்த்தால், 20 சதவீத பாட்டிலின் அடியில் நூல் அளவு வெள்ளைக் கோடு.

மெத்தில்:
குளிரில் விட்டு இறுத்து எடுக்காத சரக்கு அது. இறுத்ததில் ஒரு பாட்டில் வையுங்கள்.

பம்ப்மேஜை:
வையுங்கள், ஆனால் மூன்று நாள் விடுங்கள். அதுவரை டேங்கில் டீசல் மட்டும் இருக்கட்டும். ஒரு ஃபில்டரும் அதைக் கழற்றும் ஸ்பேனரும் வண்டியிலேயே இருக்கட்டும்.