மூக்கில் தோல் புற்றுநோய், நெற்றித் தோலை எடுத்து வைப்பார்களாம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு மூக்கு நுனியில் ஆறாத புண். பயாப்ஸியில் பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. மோஸ் என்ற அறுவை முறையில் புற்றை எடுத்துவிட்டு நெற்றித் தோலால் மூக்கைச் சரிசெய்வார்களாம். பயத்தில் அம்மா கண்ணாடியே பார்ப்பதில்லை.

பதில் 1: எனக்குச் செய்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வொன்றையும் அப்போதே மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, ஓரத்தில் புற்று இல்லை என்று உறுதியாகும்வரை எடுப்பார்கள். நெற்றித் தோலை மூக்கில் வைத்த அப்புறம் சுமார் 3 வாரம்தான் கஷ்டம், புருவத்திலிருந்து மூக்குவரை தோல் ஒரு பாலம் மாதிரி நிற்கும், புதுத் தோலுக்கு ரத்தம் அதன் வழியாகத்தான் போகும், மூக்குக்கண்ணாடி போட முடியாது. பிறகு அந்தப் பாலத்தை வெட்டிவிடுவார்கள்.

பதில் 2: அந்தப் பாலத்தின் படத்தை அம்மாவுக்கு இப்போதே காட்டுங்கள். என் அப்பாவுக்கு யாரும் காட்டவில்லை, கட்டுப் பிரித்த அன்று உடைந்துபோனார். ஒரு வருடத்தில் தழும்பு மெல்லிய கோடாகிவிட்டது.

கேட்டவர்: சரி, இன்றே காட்டுகிறேன். ரொம்ப நன்றி.