மிதி மெசினில துணி நாப்பி தைக்க எங்க தொடங்கிறது?

வடலி:
அக்காவுக்கு மார்கழியில பிள்ளை பிறக்கப் போகுது. இரவுக்கும் வெளியில போகேக்கையும் பம்பஸ், வீட்டில பகலுக்குத் துணி நாப்பி எண்டு யோசிச்சிருக்கிறம். இருக்கிறது காலால மிதிக்கிற பழைய சிங்கர் மெசின், நேர்த்தையல் மட்டும்தான் விழும். தலையணை உறை தைக்கிற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணம் நவீன சந்தைப் பக்கம் 45 அங்குல அகலப் பிளனல் துணி பாத்து வைச்சிருக்கிறன். எத்தினை மீற்றர் வாங்க? இலாஸ்ரிக், வெல்குரோ வைச்சுத் தைக்கிறதோ, சதுரத் துணியே போதுமோ? தோய்க்கிறது கிணத்துத் தண்ணியில.

நூல்கண்டு:
தங்கச்சி, சதுரத்தில தொடங்குங்கோ. லேசான வேலை எண்டதுக்காக மட்டும் சொல்லேல்லை. மார்கழி எண்டால் மாரி. ஆறு எட்டு அடுக்கு வைச்சு மூடித் தைச்ச நாப்பி அந்த ஈரக்காத்தில வெளியில தொட்டால் காய்ஞ்ச மாதிரி இருக்கும், நடுவுக்குள்ள ஈரம் நிக்கும். நாத்தம் அங்கயிருந்துதான் தொடங்கும். ஒற்றைத் துணியைக் கட்டேக்க மடிச்சு அடுக்காக்கலாம், தோய்ச்சு விரிச்சால் விறாந்தைக் கொடியிலயே காய்ஞ்சிடும்.

வாங்க முதல் துணியில ஒரு நூலை உருவி நெருப்பில காட்டுங்கோ. எரிஞ்சு சாம்பலாய் உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கறுத்த மணியாய்த் திரண்டால் பொலியெஸ்ரர் கலந்திருக்கு, அது நல்லா உறிஞ்சாது.

முடிஞ்ச அளவு 27 அங்குலச் சதுரம், வெட்டிற அளவு 28. பன்னிரண்டுக்கு 336 அங்குலம், அதாவது எட்டரை மீற்றர். சுருங்கிறதுக்கும் சேர்த்து ஒன்பதரை வாங்குங்கோ. பிறந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை மாத்த வேணும், ஆனபடியால் மாரிக்கு 24 இருந்தால்தான் நிம்மதி. எண்டாலும் முதல் 12ஐத் தைச்சுப் பாத்திட்டு மற்றதை வாங்கலாம்.

வெட்ட முதல் சுடுதண்ணியில ரெண்டு தரம் தோய்ச்சுக் காய விடுங்கோ. பிளனல் நல்லாச் சுருங்கும், 45 அங்குலம் 42க்கும் வரலாம். தைச்சாப் பிறகு சுருங்கினால் சதுரம் கோணிப் போய் மடிப்புச் சரியா வராது. பிறகு கரையில ஒரு சின்ன வெட்டுக் குடுத்துக் கையால கிழியுங்கோ. நூல் வழியே நேராகக் கிழியும், கத்தரியால அவ்வளவு நேர் வராது. கரையைக் கால் அங்குலமாய் ரெண்டு தரம் மடிச்சு ஒரு தையல். மூலையில துணி தடிச்சு ஊசி ஏறாட்டி, மடிக்க முதல் மூலை நுனியைக் குறுக்க வெட்டி விடுங்கோ. 14ஆம் நம்பர் ஊசி, அங்குலத்துக்குப் பத்துத் தையல்.

பக்கத்தில மிஞ்சிற 14 அங்குலப் பட்டியை எறிய வேண்டாம். அதுக்கும் கரை மடிச்சுத் தைச்சு, அகலத்தை மூண்டாய், நீளத்தை ரெண்டாய் மடிச்சால் ஏறக்குறைய 4 அங்குல அகலம், 13 அங்குல நீளத்தில ஆறு அடுக்கு வரும். பகல் நித்திரைக்கு நாப்பிக்குள்ள வைக்க இதுதான்.

ஊசிமுனை:
நூல்கண்டு அக்கா சொன்னதோட, ஈரம் வெளியில வராமல் துணிக்கு மேல போடுற மேல்மூடி மூண்டு நாலும் தையுங்கோ. இலாஸ்ரிக் எல்லாம் அதில மட்டும் போதும். கடையில பி.யு.எல். எண்டு கேளுங்கோ. விளங்காட்டி, ஒரு பக்கம் மினுங்கிற பூச்சு ஒட்டின பொலியெஸ்ரர் பின்னல் துணி எண்டு சொல்லுங்கோ. மழைக்கோட்டுத் துணியோ மேசை றெக்சினோ வேண்டாம். எங்கட வெக்கைக்குள்ள காத்துப் போகாமல் பிள்ளையின்ர தோல் அவிஞ்சிடும்.

அளவுக்குப் புதுப் பம்பஸ் ஒண்டின்ர இலாஸ்ரிக்கை வெட்டித் தட்டையாய் விரிச்சு, கடதாசியில கோடு கீறி, சுத்திவர ஒரு அங்குலம் கூட்டுங்கோ. மினுங்கிற பக்கம் உள்ளுக்கு. கால் வளைவை அரை அங்குலம் உள்ளுக்கு மடிச்சுத் தைச்சால் குழாய் மாதிரி வரும். அதுக்குள்ள கால் அங்குல இலாஸ்ரிக்கை சேப்டி பின்னில கோத்து இழுத்து, ரெண்டு நுனியையும் முன்னும் பின்னும் ஓட்டி இறுக்கித் தையுங்கோ. இப்பிடிச் செய்தால் சிக்சாக் தையல் தேவையில்லை. சுருக்கம் வர வேண்டிய இடம் 9 அங்குலம் எண்டால் இலாஸ்ரிக் 6.

இதில பிழைக்கிற இடங்கள் கூடுதலாய் ஓட்டை சம்பந்தப்பட்டதுதான். குண்டூசி குத்தினால் அந்த ஓட்டை மூடாது, உடுப்புக் கிளிப்பால பிடியுங்கோ. பிழைச்ச தையலை அவிட்டு அதே கோட்டில திருப்பித் தைச்சால் ஒழுகும். ஊசி 11, நுனி உருண்ட ரகம். நூல் பொலியெஸ்ரர்தான், பருத்தி நூல் ஈரத்தை இழுத்து வெளியில கொண்டு வந்து விடும். மினுங்கிற பக்கம் துணியை அமத்திப் பிடிக்கிற மெசின்ர காலில ஒட்டிக்கொண்டு நகராட்டி, மேல மெல்லிய கடதாசி வைச்சுத் தைச்சிட்டுக் கிழிச்சு எடுங்கோ.

கட்டினாப் பிறகு உள்துணி மூடிக்கு வெளியில ஒரு துளி எட்டிப் பாத்தாலும் சட்டை நனையும். மூடி ஒழுகுது எண்டு குறை சொல்லுறதில பாதிக்கு இதுதான் காரணம்.

கீரிமலைக்காத்து:
கிணத்துத் தண்ணி எண்டு வாசிச்சதால எழுதிறன். எங்கட நிலம் சுண்ணாம்புக்கல், தண்ணியில கல்சியம் கூட. கட்டிச் சவர்க்காரம் அதோட சேர்ந்து கரையாத பிசுக்காய் மாறி நூலுக்குள்ள படியும். கொஞ்ச நாளில துணி விறைக்கும், பிள்ளை பெய்தால் உறிஞ்சாமல் ஓடும். சலவைத் தூள் பாவியுங்கோ, அளவாய்ப் போட்டு நுரை போகும்வரை அலசுங்கோ. வாசனைத் திரவம், கஞ்சி ரெண்டும் வேண்டாம். மாரியில பீலித் தண்ணி பிடிச்சு வைச்சுக் கடைசி அலசலுக்கு எடுத்தால் துணி மெதுவாய் இருக்கும்.

சோதிக்கிறது லேசு. காய்ஞ்ச நாப்பியில ஒரு சொட்டுத் தண்ணி விடுங்கோ. முத்து மாதிரி மேல நிண்டால் பிசுக்கு இருக்கு. சுடுதண்ணியில சலவைச் சோடா கொஞ்சம் கரைச்சு ஊறப்போட்டு, பிறகு நல்லா அலசுங்கோ. புதுத் துணியிலயும் இப்பிடி நிக்கும், நாலைஞ்சு தரம் தோய்ச்சாப் பிறகுதான் முழுசாய் உறிஞ்சும்.

பிளனலை அவிக்கலாம், வெயிலில போடலாம், கறையும் வெளுக்கும். மேல்மூடியை அவிக்கவோ அயன் பண்ணவோ கூடாது, பூச்சுக் கழரும். நிழலில போடுங்கோ.

வடலி:
நன்றி. முதல் 12 சதுரமும் மூண்டு மூடியும் தைக்கிறன். கொப்பூழ்க்கொடி விழும்வரை எப்பிடிக் கட்டிறது?

நூல்கண்டு:
முன்பக்கத்தை வெளிப்பக்கமாய் ஒரு மடிப்பு மடிச்சுக் கொப்பூழுக்குக் கீழ நிக்க விடுங்கோ. கொடியில துணி உரசவும் கூடாது, ஈரம் படவும் கூடாது. அந்த நாட்களில மேல்மூடி போடாமல், நனைஞ்ச உடனே மாத்துங்கோ. இடுப்பில ரெண்டு விரல் போற அளவுக்குத் தளர்வாய்க் கட்டுங்கோ, காலை நீட்டி இறுக்க வேண்டாம். பிறந்த பிள்ளைக்கு 27 அங்குலம் பெருசாய்த் தெரிஞ்சால் நாலைஞ்சை மட்டும் 24இல தையுங்கோ, கொஞ்ச மாதத்தில அதுகளை நாலாய் மடிச்சு உள்பட்டியாய்ப் பாவிக்கலாம்.