‘எலும்பழுகல்’ வேண்டாம், ‘பட்ட எலும்பு’ என்போம்

ஐயா, வணக்கம்.

மருத்துவச் சொற்களுக்கு நீங்கள் தந்த தமிழ்ப் பெயர்களைப் பார்த்தேன். புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் பின்னாளில் எலும்பு உயிரிழந்துபோவதுதான் ஆஸ்டியோரேடியோநெக்ரோசிஸ். அதற்கு நீங்கள் சொன்ன ‘கதிர்வீச்சு எலும்பழுகல்’ சட்டென்று புரிகிறது. ஆனால் ‘அழுகல்’ என்றதும் எல்லாவற்றுக்கும் கிருமிதான் காரணம் என்று மனம் போய்விடுகிறது. எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது.

கும்பகோணத்தில் சித்தப்பாவுக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம். வாய்ப்புற்றுக்குக் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். புண் ஆறவேயில்லை, கீழ்த்தாடை எலும்பு வெளியே தெரிந்தது. எலும்பு அழுகுகிறது என்று யாரோ சொன்னதை நம்பி, மருந்துக்கடையில் மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தோம்.

தாடை அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் 1983லேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார்: கதிர்வீச்சு பட்ட இடத்தில் ரத்தக் குழாய்கள் குறைகின்றன, உயிரணுக்கள் குறைகின்றன, ஆக்சிஜன் குறைகிறது. கிருமி அப்புறம் வந்து குடியேறுவது. மேட்டூரில் திறந்துவிட்டாலும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வருமா? மாத்திரையும் ரத்தத்தோடுதான் போய்ச் சேர வேண்டும்.

நின்ற இடத்திலேயே உயிர் போன மரத்தைப் பட்டமரம் என்கிறோம். ஆகவே ‘கதிர்வீச்சால் பட்ட எலும்பு’ என்பது என் முன்மொழிவு. ‘பட்டெலும்பு’ என்று சேர்த்துவிடக் கூடாது, திருபுவனத்துக்காரர்கள் பட்டுப்புடவையை நினைப்பார்கள். சித்தியிடம் ‘பட்ட எலும்பு’ என்றேன். “அப்போ தண்ணி ஊத்தினா மட்டும் துளிர்க்காதே” என்றார். சரியாகப் பிடித்துக்கொண்டார்.

அதனால்தான் முற்றிய நிலையில் பட்ட பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, காலிலிருந்து ஃபிபுலா எலும்பை அதன் ரத்தக் குழாயோடு எடுத்து, கழுத்துக் குழாயில் இணைத்துத் தாடை செய்கிறார்கள். புது வாய்க்கால் வெட்டுவது போலத்தான்.

அடுத்தது, ஆன்டிபயாடிக்குக்கு நீங்கள் தந்த ‘அறுவைக்குப் பிந்தைய நுண்ணுயிர் எதிர்ப்பி’. இந்த ஒரே பெயருக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன, பிரித்தே ஆக வேண்டும். தொற்று வராமல் தடுக்கத் தருவது ஒன்று. கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி, இந்த மாதிரி தலை, கழுத்து அறுவைகளில் பொதுவாக 24 மணி நேரத்தோடு நிறுத்திவிடலாம். இதற்கு ‘முன்காப்பு’ பொருந்தும். மாரியம்மன் திருவிழாவுக்குக் கட்டிய காப்பைத் திருவிழா முடிந்ததும் அவிழ்த்துவிடுகிறோம் அல்லவா, அந்தப் பொருளும் கூடவே வருகிறது.

ஆனால் பட்ட எலும்பில் எச்சிலும் கிருமியும் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும். அதனால் பல மருத்துவர்கள் மருந்தை நீட்டுகிறார்கள். எத்தனை நாள் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. வெட்டியெடுத்த எலும்பைக் கல்ச்சருக்கு அனுப்பி, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மடங்கும் என்று பார்த்துக் கொடுப்பதுதான் இரண்டாவது வேலை. அது காப்பு ஆகாது, சிகிச்சை. அதைத் ‘தொற்று மருந்து’ என்றே எழுதலாம். ‘நீள்காப்பு’ என்று ஒருவர் சொல்லியிருந்தார், எனக்கு அதில் உடன்பாடில்லை. காப்பு என்ற பெயரிலேயே நாள் தள்ளிக்கொண்டு போக அது இடம் கொடுத்துவிடும்.

சித்தப்பாவின் டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஆன்டிபயாடிக் தொடரவும்’ என்று மட்டும் இருந்தது. எதற்காக, எதுவரை என்று சித்திக்குத் தெரியவில்லை. இந்த இரண்டு சொற்களில் எது அங்கே இருந்திருந்தாலும் அவர் கேட்டிருப்பார்.

கல்ச்சருக்குக் ‘கிருமி வளர்ப்புச் சோதனை’ போதுமா ஐயா? இன்னும் சுருக்கமாக உங்களிடம் ஏதும் இருக்கிறதா?