கல்யாணத்துக்கு ஒட்டு நகமா, எண்ட நகமேவா? தைக்கிற கைக்கு எது சரிவரும்?

தையல்காரி, களுவாஞ்சிக்குடி

அக்காமாரே, கண்ணகை அம்மன் கோயில் வைகாசிக் குளிர்த்திச் சடங்கு முடிய, ஆனியில எனக்குக் கல்யாணம். இன்னும் மூணு மாசமும் கொஞ்ச நாளும் கிடக்கு. கூறை எடுத்தாச்சு, மண்டபம் பேசியாச்சு. இப்ப சண்டை நகத்தில வந்து நிக்குது.

கனடாவில இருக்கிற மச்சாள் ஒவ்வொரு நாளும் வாட்ஸ்அப்பில ஒரு நகப் படம் அனுப்புறா. "மோதிரம் போடக்குள்ள கமரா கைக்குத்தான் கிட்ட வரும். உண்ட நகம் வயல்ல புல்லுப் புடுங்கின மாதிரிக் கிடக்கு, அக்ரிலிக் வை" எண்டு ஒரே பிடி. அம்மா அடுப்படியில இருந்தே கத்துறா: "சோறு தின்னுற கையில பிளாஸ்டிக்க ஒட்டுறதா?"

எண்ட நிலைமை இதுதான். இடது கை நகமெல்லாம் ஓரளவு சரி. வலது பெருவிரல் நகம் போன கிழமை ஆத்து நண்டு உடைக்கக்குள்ள நுனியில பிளந்து, இப்ப வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்கா உரியுது. அந்த நகம்தான் எண்ட ஆயுதம். பிளவுஸ் தைக்கக்குள்ள ஒவ்வொரு மடிப்புக்கும் அயன் பெட்டி தேடிப் போறதில்ல. பெருவிரல் நகத்தால ஒரு இழுப்பு, படிஞ்சிரும். பிழைச்ச தையலக் கிளப்புறதும் அதாலதான்.

போன வருசம் கூட்டாளிட கல்யாணத்துக்கு ஒரு பெட்டி ஒட்டு நகம் வாங்கி ஒட்டினன். அண்டைக்கு இரவே பொறுக்கேலாமப் பல்லால கடிச்சு இழுத்தன். எண்ட நகத்திட மேல்தோலும் சேர்ந்து வந்துட்டு. மறுகா ரெண்டு மாசம் சுடுதண்ணி பட்டாக் கூசும். அந்தப் பயம் இன்னும் போகல்ல. என்ன செய்யலாம்?

நகக்கார அக்கா, கல்முனை

தங்கச்சி, நான் தோஹாவில ஒரு சலூன்ல நாலு வருசம் இந்த வேலைதான் செஞ்சன். இப்ப வீட்டில வச்சுச் செய்யிறன். அக்ரிலிக் வச்சாத்தான் எனக்குக் காசு, எண்டாலும் உனக்கு அது வேணாம் எண்டுதான் சொல்லுவன்.

முதல்ல பயத்தத் தீர்ப்பம். "நகம் மூச்சு விடணும், மூடினாச் செத்துப் போகும்" எண்டு சொல்றதெல்லாம் சும்மா. வெளியில தெரியிற நகம் ஏற்கெனவே உயிரில்லாத கெரட்டின்தான். உயிர் கிடக்கிறது தோலுக்குள்ள, வேரில. உண்ட நகத்தக் கெடுத்தது ஒட்டினதில்ல, பிச்சதுதான். பசை விடாம இழுத்தா நகத்திட மேலடுக்கு அதோட வரும். அக்ரிலிக்கிலயும் ஜெல்லிலயும் நடக்கிற சேதம் முக்கால்வாசி இப்பிடித்தான்: வைக்க முந்தி மெஷினால அளவுக்கு மிஞ்சி ராவுறது, கழட்டக்குள்ள அவசரத்தில நெம்புறது.

அக்ரிலிக் எண்டா ஒரு திரவமும் ஒரு பவுடரும். ரெண்டும் சேர்ந்தா காத்திலயே இறுகிரும். ஜெல் இறுக லாம்ப் வெளிச்சம் வேணும். ரெண்டு, மூணு கிழமையில உண்ட நகம் அடியில வளர்ந்து இடைவெளி விடும், அத நிரப்ப திரும்பப் போகணும். கல்யாணம் முடிஞ்ச கையோட நீ விருந்துக்குப் போவியா, நகம் நிரப்பப் போவியா? போகாம விட்டா ஓரம் கிளம்பும், அதுக்குள்ள தண்ணி நிக்கும். நம்மட சூட்டில, ஈரத்தில அதுக்குள்ள கிருமி வளர்ந்து நகம் பச்சையாகும். பாசி புடிச்ச மாதிரி ஒரு பச்சை, நான் கண்டிருக்கன்.

இன்னொண்டு. மலிவா வைக்கிற சில இடங்கள்ல அக்ரிலிக் திரவத்துக்கு எம்எம்ஏ (மெத்தில் மெத்தாக்ரிலேட்) எண்ட மருந்துதான் போடுவாங்க. அமெரிக்காவில 1970களிலேயே நகத்துக்குச் சுத்த எம்எம்ஏ வித்தவங்க மேல நடவடிக்கை எடுத்தாங்க. மூக்க எரிக்கிற மணம், இரும்பு மாதிரி இறுக்கம், அசிட்டோன்ல ஊறவச்சாலும் கரையாது. மெஷின்ல அடிபட்டா அது உடையாது, உண்ட நகம்தான் வேரோட கிளம்பும். தையல் மெஷினுக்கு முன்னால இருக்கிறவளுக்கு இது நல்லதில்ல.

நீ செய்ய வேண்டியத சொல்றன். கை நகம் மாசத்துக்குக் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் வளரும். மூணு மாசத்தில 9, 10. பிளவு நுனியிலதான் எண்டா அது வெட்டுப்பட்டுப் போக அந்தக் காலம் காணும். இண்டைக்கே கட்டையா வெட்டு, உரியிற இடத்த பைலால ஒரே பக்கமா ராவு, முன்னும் பின்னும் அறுக்காத. சட்டி பானை கழுவக்குள்ள ரப்பர் கையுறை. நகம் அடுக்கா உரியிறது நனைஞ்சு காயிறதாலதான் கனக்க வரும். படுக்கப் போகக்குள்ள தேங்கா எண்ணெய் ஒரு துளி நகக்கண்ணில தேய். நண்ட வேற ஆரும் உடைக்கட்டும்.

கல்யாணத்துக்கு ஒட்டு நகமே போதும், பசையில்லாம ரெண்டு பக்கமும் ஒட்டுற ஸ்டிக்கரோட வாற வகை. ஒரு நாளுக்குத் தாங்கும். ஒவ்வொரு விரலுக்கும் அளவு பார்த்து முதலே எடுத்து வை. நகத்த விடப் பெரிசா இருந்தா ஓரத்த ராவு, தோல்ல ஏறி நிண்டாக் கட்டாயம் கிளம்பும். பால் அறுகு வச்சு முழுக வார்த்து, கை நல்லாக் காஞ்ச பிறகு ஒட்டு. முந்தியே ஒட்டினா மஞ்சள் புடிச்சு கமராவுக்கு மஞ்சள் நகம்தான் தெரியும். கழட்டக்குள்ள இளஞ்சூட்டுத் தண்ணியில சவர்க்காரமும் எண்ணெயும் விட்டுப் பதினைஞ்சு நிமிசம் ஊறவை, மறுகா ஓரத்தில இருந்து மெல்ல. பல்லு வேணாம்!

பசைதான் போடுவன் எண்டு நிண்டா ஒண்டு கவனி. அது சூப்பர் குளூ இனம். பருத்தித் துணியில கொட்டினா சூடேறிப் புகைக்கும், தோலையும் சுடும். தைக்கிற மேசையில, மடியில துணியோட இருந்து ஒட்டாத.

டவுன் பெட்டை, மட்டக்களப்பு

அக்கா பயங்காட்டுறா போல. நான் பேங்க்ல வேலை, மூணு வருசமா ஜெல்தான். ஒண்டும் நடக்கல்ல. கையப் பார்த்தா எனக்கே ஒரு சந்தோசம். கல்லடிப் பாலத்தில செல்ஃபி எடுத்தாலும் கைதான் முதல்ல தெரியும்.

நகக்கார அக்கா, கல்முனை

நீ காசு எண்ணுறாய், அவள் துணி எண்ணுறாள், அதுதான் வித்தியாசம். நல்ல கை வச்சு, ஊறவச்சுக் கழட்டினா ஜெல்லில பிழையில்ல. ஓன்லைன்ல கிட் வாங்கி வீட்டில போடாத, அவ்வளவுதான். லாம்ப் பொருந்தாட்டி ஜெல் முழுசா இறுகாது, அந்த இறுகாத ஜெல் தோல்ல பட்டுப் பட்டுத்தான் ஒவ்வாமை வாறது. உண்ட போத்தல்ல டிபிஓ (TPO) எண்டு கிடக்கா பாரு, லாம்ப் வெளிச்சத்தில ஜெல்ல இறுக வைக்கிற மருந்து அது. ஐரோப்பிய ஒன்றியத்தில 2025 செப்டம்பர் 1இல இருந்து அழகுப் பொருள்ல அதத் தடை செஞ்சிட்டாங்க.

ராத்தா, சாய்ந்தமருது

எங்கட பக்கம் இந்தக் கேள்வியே வேற மாதிரி. கியூடெக்ஸோ ஒட்டு நகமோ போட்டா தொழுகைக்கு முந்திக் கை கால் கழுவி வுழூ எடுக்கக்குள்ள தண்ணி நகத்தில படாது. நாப்பது நாளைக்கு மேல நகம் வெட்டாம விடவும் கூடாது. அதால எங்கட பொண்ணுகளுக்கு மருதோன்றிதான். எண்ட மகள்ட கல்யாணத்துக்கு முத்தத்து மரத்தில இலை புடுங்கி, அம்மியில பழப்புளியோட அரைச்சு, ரெண்டு இரவு நகத்தில தொப்பி மாதிரி வச்சம். நகத்தில புடிச்ச சிவப்பு கழுவிப் போகாது, வளர்ந்துதான் போகும். பெருநாளுக்கும் நுனியில அரை நிலா மாதிரி மிச்சம் கிடந்த. கட்டை நகத்துக்கும் அது வடிவு. நீங்களும் வைக்கலாமே தங்கச்சி? அவசரத்துக்குக் கறுப்பாப் புடிக்கிற கூம்பு மட்டும் வாங்காதீங்க. அதில தலைமயிர்ச் சாயத்துக்குப் போடுற மருந்து கலப்பாங்க, கை பொங்கிரும்.

வார்ட்டுக்காரி, அம்பாறை மாவட்டம்

நான் தாதி. எங்களுக்கு ஒட்டு நகம் ஆகாது. உலக சுகாதார நிறுவனத்திட 2009 கை சுகாதார வழிகாட்டலே நோயாளியத் தொடுறவங்க செயற்கை நகம் வைக்கக் கூடாது, சொந்த நகமும் அரை சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும் எண்டு சொல்லுது. விரல்ல மாட்டி ஒட்சிசன் பார்க்கிற கருவியும் நகப்பூச்சு, ஒட்டு நகத்துக்கு மேல சில நேரம் பிழையாக் காட்டும்.

நகக்கார அக்கா சொன்ன ஒவ்வாமை சின்ன விசயமில்ல. ஒருக்கா வந்தா ஆயுளுக்கும் நிக்கும். பல்லு அடைக்கிற சாமானிலயும் அதே இனத்து மருந்து கிடக்கு.

தங்கச்சி, நகம் வளர பயோட்டின் குளிசை போட ஆரும் சொன்னா, இரத்தம் குடுக்கக்குள்ள அத மறக்காமச் சொல்லுங்க. தைரொய்ட் முடிவு மாறிக் காட்டும். நகம் கரண்டி மாதிரிக் குழிஞ்சு போனா கிறீம் தேடாம இரத்தத்தில இரும்பு பாருங்க.

தையல்காரி, களுவாஞ்சிக்குடி

எல்லாருக்கும் நன்றி. பசைய நினைச்சா இப்பதான் நெஞ்சு திக்கெண்டுது. போன வருசம் மடியில லைனிங் துணியோட இருந்துதான் ஒட்டினன்.

முடிவு இதுதான். ரெண்டு நாளைக்கு முந்தி மருதோன்றி வைக்கப் போறன், ராத்தா சொன்ன மாதிரி அம்மியில அரைச்சு. அம்மாவுக்கு வாய் அடைஞ்சிட்டு. மச்சாளுக்காக ஸ்டிக்கர் நகம் ஒரு பெட்டி, முழுகின பிறகு ஒன்பது விரலுக்கு. வலது பெருவிரலுக்கு ஒட்டல்ல. கமராக்காரர் கேட்டாக் கைய மடக்கிப் புடிப்பன். மாப்பிள்ளைட தங்கச்சிமார் மூணு பேர்ட பிளவுஸும் எண்ட தலையிலதான், கொக்கி கட்டுறது கடைசி இரவு வரைக்கும் இழுபடும் போல.

நண்டு இனி தம்பிட வேலை.