டிஃபென்ஸ் ஓட்டையா இருந்த வருஷத்து டிராஃப்ட் ராத்திரி: உங்க அனுபவம் எழுதுங்க

ஃபிரிஸ்கோவாசி:

2021 டிராஃப்ட், அதாவது அமெரிக்கன் ஃபுட்பால் லீக் (NFL) டீமெல்லாம் காலேஜ் பசங்களை வரிசையா எடுக்கிற ராத்திரி. அதுக்கு முந்தின சீசன்ல எங்க டல்லாஸ் கவ்பாய்ஸ் டிஃபென்ஸ் (எதிரணியைத் தடுக்கிற பக்கம்) 473 பாயின்ட் விட்டுக்கொடுத்த கதை இங்க எல்லாருக்கும் தெரியும், அதுக்குள்ள போகல. கையில 10வது பிக், அதாவது ஆள் எடுக்கிறதுல 10வது முறை. தேவை கார்னர்பேக், பந்தைப் பிடிக்க ஓடுற எதிராளியை ஓரத்துல மறிக்கிறவன். அலபாமா காலேஜ் சர்டெய்ன், இல்லன்னா சவுத் கரோலினா ஹார்ன், ரெண்டுல ஒருத்தன் நமக்குத்தான்னு மச்சான் வீட்டுல கூட்டமா உட்கார்ந்திருக்கோம்.

8வது பிக், கரோலினா பேந்தர்ஸ். ஹார்ன் போயாச்சு. பரவால்ல, இன்னொருத்தன் இருக்கான். 9வது டென்வர். ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் இன்னும் நிக்கிறான், அவங்களுக்குப் பந்தை எறியற குவார்ட்டர்பேக் வேணும், கண்டிப்பா அவனைத்தான் எடுப்பாங்க. சர்டெய்ன்னு பேரை வாசிச்சாங்க.

மச்சான் ரிமோட்டை எடுத்து டிவியை ம்யூட் பண்ணிட்டான். ஒருத்தரும் வாயைத் திறக்கல. அந்த ம்யூட்லயே கீழ எழுத்து ஓடுது, பிலடெல்பியா மேல ஏறி வருதாம். யாரோட இடத்துக்கு? எங்க இடத்துக்கு! சொந்த டிவிஷன் எதிரிக்கு நாமளே கதவைத் திறந்துவிட்டு, ரெண்டு படி இறங்கி, ஒரு மூணாவது ரவுண்டு பிக்கை வாங்கிக்கிட்டு, 12ல மைக்கா பார்சன்ஸை எடுத்தோம். கோவிட்டுனு 2020 சீசன் முழுக்க ஆடாதவன். அதுவும் லைன்பேக்கர், டிஃபென்ஸ் முன்வரிசைக்குப் பின்னாடி நிக்கிறவன். "வாண்டர் எஷ் இருக்கான், ஜெய்லன் ஸ்மித் இருக்கான், இவன் எதுக்குடா"னு மச்சான் ஆரம்பிச்சவன் ராத்திரி சாப்பாடு வரைக்கும் நிறுத்தல.

அப்புறம் நடந்தது தெரியும். ரெண்டாவது வாரத்துக்கு முன்னாடி டெமார்கஸ் லாரன்ஸ் கால் எலும்பு முறிஞ்சுது, வேற ஆளில்லாம பார்சன்ஸை லைன் ஓரத்துல நிறுத்தினாங்க. 13 சேக் (பந்தை எறியறதுக்குள்ள குவார்ட்டர்பேக்கைச் சாய்க்கிறது), அந்த வருஷத்துச் சிறந்த டிஃபென்ஸ் புதுமுகம்.

என்னை உறுத்துறது வேற. சர்டெய்ன் இன்னும் ஒரு பிக் தள்ளி வந்திருந்தா பார்சன்ஸ் நமக்குக் கிடையாது. அப்போ அன்னிக்கு எங்க டீமுக்கு இருந்தது திட்டமா, வெறும் அதிர்ஷ்டமா? 2025 ஆகஸ்ட்ல அவனை கிரீன் பேக்கு அனுப்பின நாள்லேருந்து இந்தக் கேள்வி இன்னும் பெருசாயிடுச்சு. உங்க டீம் டிஃபென்ஸுக்கு ஆள் தேடின ராத்திரி எது? எழுதுங்க.

கேட்டி அண்ணாச்சி:

தம்பி, நீங்க ம்யூட் பண்ணினீங்க. நாங்க ஹூஸ்டன்ல டிராஃப்டுக்கு முந்தின நாள் ராத்திரியே செத்துட்டோம். 2006. டெக்சன்ஸ் அதுக்கு முந்தின சீசன்ல 2 ஜெயிச்சு 14 தோத்திருந்தாங்க, மோசமா ஆடினவங்களுக்குத்தான் முன்னாடி முறை, அதனால முதல் பிக் கையில. ஒரு பக்கம் பந்தை எடுத்துட்டு ஓடுற ரெஜி புஷ். இன்னொரு பக்கம் குவார்ட்டர்பேக் வின்ஸ் யங். ஹூஸ்டன் பையன், டெக்சாஸ் யூனிவர்சிட்டிக்கு அந்த ஜனவரியிலதான் சாம்பியன்ஷிப் வாங்கிக் கொடுத்தவன். இவங்க என்ன பண்ணினாங்க? டிராஃப்டுக்கு முந்தின நாளே மேரியோ வில்லியம்ஸ்கூட ஒப்பந்தம் போட்டுட்டாங்க. டிஃபென்சிவ் எண்ட் (முன்வரிசை ஓரத்துல நிக்கிறவன்), நார்த் கரோலினா ஸ்டேட் காலேஜ். ஊரே காறித் துப்புச்சு.

எனக்கு மறக்காதது டிராஃப்ட் இல்ல. அதே வருஷம் டிசம்பர். வின்ஸ் யங் டென்னசி ஜெர்சியில ஹூஸ்டனுக்கு வந்து, ஓவர்டைம்ல 39 யார்டு தனியா ஓடி எங்களைத் தோற்கடிச்சான். நான் ஸ்டேடியத்துல இருந்தேன். என் முன் வரிசையில ஒரு ஆள், தலையில டெக்சன்ஸ் தொப்பி, எழுந்து நின்னு கைதட்டுறார்! நம்ம டீம் தோத்ததுக்கு! அந்தத் தொப்பியைப் பிடுங்கணும்னு கை பரபரத்துச்சு.

அடுத்த வருஷம் வில்லியம்ஸ் 14 சேக் எடுத்தான். கைதட்டின ஆள் அப்போ எங்க இருந்தாரோ. ஆனா நிஜமான விஷயம் அது இல்ல, அதே டிராஃப்ட்ல 33வதா வந்த டெமீக்கோ ரயன்ஸ். சத்தமே இல்லாம வந்தார், அந்த வருஷத்துச் சிறந்த டிஃபென்ஸ் புதுமுகம் அவர்தான். இப்போ அதே ரயன்ஸ் எங்க ஹெட் கோச். 2023ல குவார்ட்டர்பேக் ஸ்ட்ரவுடை 2வதா எடுத்த கையோட, அரிசோனாகிட்ட 12, 33, அடுத்த வருஷ முதல் ரவுண்டு, மூணாவது ரவுண்டுனு அள்ளிக் கொடுத்து 3க்கு ஏறி வில் ஆண்டர்சனை எடுத்தாங்க. அந்த 33ஐக் கொடுக்கும்போது ரயன்ஸ் மனசுல என்ன ஓடிச்சோ! விலை அதிகம்னு டிவியில எல்லாரும் கத்தினாங்க. நாங்க பிளேஆஃப் போனதுல, அடுத்த வருஷ முதல் ரவுண்டு பிக் கடைசியில 27வதாத்தான் அவங்களுக்குப் போச்சு.

சார்லட் சுள்ளான்:

ஹார்னை எடுத்தது நாங்கதான், மன்னிச்சுக்கோங்க ஃபிரிஸ்கோ.

என் கதை அதுக்கு முந்தின வருஷம். 2020, எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த ஏப்ரல். லீக் கமிஷனர் தன் வீட்டு பேஸ்மென்ட்ல உட்கார்ந்து பேர் வாசிக்கிறார். ஜனவரியில லூக் கீக்லி 28 வயசுல ரிடையர் ஆயிட்டார், பேந்தர்ஸ் டிஃபென்ஸ்ல நடுவுல பெரிய பள்ளம். முதல் பிக் டெரிக் பிரவுன், சரி. ரெண்டாவது ரவுண்டுல ரெண்டு பேர், ரெண்டும் டிஃபென்ஸ், ரொம்ப சரி. நாலாவதுலயும் டிஃபென்ஸ் வந்தப்போ வாட்ஸாப் குழுவுல சிரிக்க ஆரம்பிச்சாங்க. அஞ்சு, ஆறு, ஏழு. மொத்தம் 7 பிக், ஏழும் டிஃபென்ஸ்! இப்போ இருக்கிற டிராஃப்ட் முறை 1967ல வந்ததுலேருந்து எந்த டீமும் அப்படிப் பண்ணினது இல்ல. "பந்தை யாருப்பா எடுத்துட்டு ஓடுவா"னு என் மாமனார் கேட்டார். ஆட்டமே புரியாதவர், ஆனா கேள்வி சரியான கேள்வி.

பலன்? நவம்பர்ல மினியாபோலிஸ்ல வைக்கிங்ஸ்கூட மேட்ச். மூணாவது குவார்ட்டர் ஆரம்பிச்சதும் ஜெரமி சின் அவங்க தவறவிட்ட பந்தை அள்ளி டச்டவுன், எதிரணிக் கடைசிக் கோட்டைத் தாண்டிட்டான். வைக்கிங்ஸ் அடுத்துப் பந்தை எடுத்து ஆடின உடனேயே மறுபடி பந்து சிதறுது, மறுபடி சின், மறுபடி டச்டவுன்! ரெண்டாவது ரவுண்டுல 64வதா வந்த பையன். சோபாவுல ஏறி நின்னுட்டேன். தலைக்கு மேல ஃபேன் ஓடுதுன்னு மனைவி கத்துறது காதுலயே விழல.

அந்த மேட்ச் 28-27னு தோத்தோம். சீசன் 5-11. அவ்வளவுதான் கதை.

ஸ்கார்பரோ பெடியன்:

நாங்கள் ரொறொன்ரோவில இருந்து பஃபலோவுக்கு பில்ஸ் ஆட்டம் பார்க்கக் கார் ஓடுற ஆக்கள், எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கோ.

13 செக்கன். அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை எண்டு நினைக்கிறன். 2022 ஜனவரியில கன்சாஸ் சிட்டி குவார்ட்டர்பக் மஹோம்ஸ் 13 செக்கனுக்குள்ள எங்கட டிஃபென்ஸைப் பிளந்து சமப்படுத்தி, பிறகு ஓவர்டைமில 42-36. அந்தக் காயத்தோட டிராஃப்டுக்குப் போன பில்ஸ், ரெண்டு இடம் மேல ஏறி 23இல கயீர் ஈலம் எண்ட கோர்னர்பக்கை எடுத்தவை. அதே டிராஃப்டில ஆறாம் ரவுண்டில, 185ஆவதா, வில்லனோவாவில இருந்து பென்ஃபர்ட் எண்டொரு பெடியன். பேரைக் கேட்டு ஆரெண்டு தேடினனாங்கள்.

இனித்தான் விசயம். 2025 ஜனவரி, திரும்பவும் கன்சாஸ் சிட்டி, சூப்பர் போல் எண்ட இறுதி ஆட்டத்துக்கு ஒரு படி கீழ. ஆறாம் ரவுண்டுப் பெடியன்தான் இப்ப எங்கட முதல் கோர்னர். அவனுக்குத் தலையில அடிபட்டு வெளியில போறான். உள்ள வாறது ஆர்? முதல் ரவுண்டு ஈலம். எனக்குப் பக்கத்தில இருந்த சித்தப்பா, "இனி இவன்ர பக்கம்தான் எறிவான்" எண்டார். மஹோம்ஸ் அப்படியே எறிஞ்சான். 32-29. சித்தப்பா எழும்பி ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வீட்டை போயிட்டார், ஆட்டம் முடிய முதலே.

ரெண்டு மாசத்தால ஈலமை எங்க அனுப்பினவை எண்டு ஃபிரிஸ்கோ அண்ணைக்குத் தெரியும். உங்களுக்குத்தான்!

கழுகுக்காரி:

ஃபிரிஸ்கோ, அன்னிக்குக் கதவைத் திறந்துவிட்டதுக்கு நன்றி. அந்த இடத்துல எங்க பிலடெல்பியா ஈகிள்ஸ் எடுத்த டெவான்டா ஸ்மித் நல்லா இருக்கான்.

"திட்டமா அதிர்ஷ்டமா"னு கேட்டீங்க இல்ல? திட்டம்னா என்னன்னு 2024ல நான் பார்த்தேன். அந்த வருஷம் முதல் 14 பிக்கும் அஃபென்ஸ் (பாயின்ட் எடுக்க ஆடுற பக்கம்). குவார்ட்டர்பேக் மட்டும் 6 பேர். 15வதா இண்டியானாபொலிஸ் லயாட்டு லாட்டுவை எடுக்கிற வரைக்கும் ஒரு டிஃபென்ஸ் பையன்கூட மேடை ஏறல. எங்களுக்குக் கார்னர் கட்டாயம் வேணும். மத்த டீமெல்லாம் அந்தப் பக்கம் அடிச்சுக்கிட்டு நிக்க, பிலடெல்பியா இருந்த இடத்தை விட்டு நகரல. 22ல குவின்யான் மிட்செல் தானா வந்து சேர்ந்தான், அந்த டிராஃப்ட்டோட முதல் கார்னர்! மறுநாள் 50லேருந்து 40க்கு ஏறி கூப்பர் டிஜீன்.

2025 பிப்ரவரி 9. டிஜீனுக்கு 22வது பிறந்தநாள், சூப்பர் போல். மஹோம்ஸ் எறிஞ்ச பந்தைப் பிடிச்சு 38 யார்டு ஓடி டச்டவுன். நான் கத்தின கத்துல குழந்தை எழுந்து அழுதுச்சு, அதையும் தூக்கி வெச்சுக்கிட்டு ஆடினேன். 40-22. மஹோம்ஸை 6 தடவை சாய்ச்சாங்க, அதுவும் ஒரு தடவைகூட பிளிட்ஸ்னு பின்னாடி நிக்கிற ஆளையும் சேர்த்து அனுப்பாம, முன்வரிசை ஆளுங்களை வெச்சே. ஸ்கார்பரோ தம்பி, உங்க 13 செக்கனுக்கும் சேர்த்துத்தான்.

சுள்ளான், ஏழு பிக்கையும் ஒரே பக்கம் கொட்டுறது திட்டம் இல்ல, பதற்றம்.

சார்லட் சுள்ளான்:

கழுகக்கா, 2022ல ஜோர்டன் டேவிஸ், நகோபி டீன், 2023ல ஜாலன் கார்ட்டர், நோலன் ஸ்மித்னு ஜார்ஜியா யூனிவர்சிட்டி டிஃபென்ஸை அப்படியே லாரியில ஏத்திட்டு வந்தது யாரு? நீங்க பண்ணினா திட்டம், நாங்க பண்ணினா பதற்றமா? உங்களுக்கு ஏற்கனவே அஃபென்ஸ் இருந்துச்சு, எங்களுக்கு இல்ல. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம்பர் வாத்தியார்:

நான் அட்லாண்டா. 2024 மார்ச்ல குவார்ட்டர்பேக் கசின்ஸுக்கு 4 வருஷத்துக்கு 180 மில்லியன் டாலர். ஏப்ரல்ல 8வது பிக், எங்களுக்குப் பாஸ் ரஷர் (குவார்ட்டர்பேக்கைத் துரத்திச் சாய்க்கிறவன்) இல்லாம பல வருஷம், அத்தனை டிஃபென்ஸ் பசங்களும் இன்னும் மிச்சம். இன்னொரு குவார்ட்டர்பேக் எடுத்தாங்க. என் பையன் "அப்பா, வேற சேனல் பார்க்கலாமா"ன்னான். முடிஞ்சுது என் அனுபவம்.

ஆனா இங்க எழுதறவங்க சில அடிப்படை விஷயங்களைப் புரிஞ்சுக்கணும். ஃபிரிஸ்கோ அதிர்ஷ்டம்னு சொல்றது தப்பு. 90கள்ல கவ்பாய்ஸ் காலத்துல கோச் ஜிம்மி ஜான்சன் பயன்படுத்தின, ஒவ்வொரு பிக்குக்கும் புள்ளி போட்ட மதிப்பு அட்டவணையை எடுத்துப் பாருங்க. 10வது பிக் 1300 புள்ளி, 12வது 1200. வித்தியாசம் 100. பதிலுக்கு வந்த 84வது பிக் 170. ஆள் யாருன்னு பார்க்காமலே கணக்குல டல்லாஸுக்கு லாபம். பிடிச்ச பையன் போயிட்டா இறங்கணும், புள்ளி சேர்க்கணும். அதுதான் திட்டம்.

அப்புறம், மார்ச், ஏப்ரல்ல வர்ற, யாரை யார் எடுப்பாங்கங்கிற உத்தேசப் பட்டியலை எல்லாம் படிக்காதீங்க. ஜனவரி கடைசியில மொபீல்ல நடக்கிற சீனியர் பவுல் (டிராஃப்டுக்கு வர்ற காலேஜ் பசங்க மேட்ச்) பயிற்சியைப் பாருங்க, மேட்ச் இல்ல, பயிற்சி. ஒருத்தனுக்கு ஒருத்தன் மோதுற இடத்துல யார் கை முதல்ல படுதுன்னு பாருங்க. பாஸ் ரஷர்னா 40 யார்டு ஓட்டத்துல முதல் 10 யார்டு நேரம்தான் கணக்கு, குவார்ட்டர்பேக் 40 யார்டு தள்ளியா நிக்கிறான்? கை நீளம் பாருங்க. கார்னர்னா திரும்புற இடுப்பைப் பாருங்க.

பாஸ் ரஷரை முன் ரவுண்டுல எடு, கார்னரைப் பின் ரவுண்டுல எடு. இது என் கொள்கை. டல்லாஸே சாட்சி: ட்ரெவன் டிக்ஸ் 51வது பிக், 2021ல 11 இன்டர்செப்ஷன் (எதிரணி எறிஞ்ச பந்தைப் பறிச்சது). டரோன் பிளாண்ட் 5வது ரவுண்டு, 2023ல 5 தடவை பந்தைப் பறிச்சு டச்டவுன் வரைக்கும் கொண்டுபோனான், அது லீக் சாதனை. பில்ஸ் பென்ஃபர்டும் அதேதான். சியாட்டில்ல ரிச்சர்ட் ஷெர்மனும் 5வது ரவுண்டு. கார்னரைப் பின்னாடி தேடிக்கலாம்.

முதல் ரவுண்டு பையனுக்கு அஞ்சாவது வருஷமும் டீம் வெச்சுக்கலாம்ங்கிற ஆப்ஷன் உண்டு, மூணாவது சீசன் முடிஞ்சதும் மே மாசத்துக்குள்ள டீம் முடிவெடுக்கணும். அதுவரைக்கும் அவன் பேர் போட்ட ஜெர்சி வாங்காதீங்க, குழந்தைங்களுக்கும் வாங்கித் தராதீங்க. பணம் மிச்சம்.

ஃபிரிஸ்கோவாசி:

வாத்தியாரே, இங்க கேட்டது அனுபவம். நீங்க சிலபஸ் போட்டுட்டீங்க.

இருந்தாலும் பதில் சொல்றேன். அட்டவணையில 70 புள்ளி லாபம், ஒத்துக்கிறேன். ஆனா அந்தப் புள்ளி சர்டெய்ன் போன பிறகுதானே வந்தது? இருந்திருந்தா அட்டவணையை யார் தொட்டிருப்பா? கார்னரைப் பின்னாடி தேடிக்கலாம்ங்கறீங்க. அதே 2021ல எங்க ரெண்டாவது ரவுண்டு கார்னர் கெல்வின் ஜோசஃப். ரெண்டு சீசன்ல மயாமிக்கு அனுப்பியாச்சு. பார்சன்ஸ் இப்போ கிரீன் பேல. சர்டெய்ன் 2024ல லீக்கோட சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரன் விருது வாங்கினான், டென்வர் அவனைக் கெட்டியாப் பிடிச்சு வெச்சிருக்கு. அந்த விருது பார்சன்ஸ் டல்லாஸ்ல இருந்த நாலு சீசன்ல ஒரு தடவைகூட வரல. இப்போ சொல்லுங்க, யாருக்கு லாபம்?

இன்னொண்ணு. ஓட்டத்தைத் தடுக்க ஆள் இல்லன்னு 2023ல 26வதா மாசி ஸ்மித்தை எடுத்தோம். பச்சையாத் தேவைக்கு எடுத்த பிக். 2025 நவம்பர்ல ஜெட்ஸ்கிட்டேருந்து குயின்னன் வில்லியம்ஸை வாங்கும்போது பிக்குகளோட சேர்த்து அவனையும் கொடுத்துவிட்டாங்க. அதே ஓட்டையை அடைக்க ரெண்டாவது தடவை காசு.

கழுகுக்காரி:

மூணாவது தடவையும் வரும், நாங்க பக்கத்துலதான் இருப்போம். ஏதாவது பிக் இறங்கணும்னா சொல்லுங்க.

கேட்டி அண்ணாச்சி:

வாத்தியார், ஆண்டர்சன் 51 ஜெர்சி டிராஃப்ட் முடிஞ்ச வாரமே வாங்கியாச்சு. பேரனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.