மாரியில் பச்சைப் புல் இருந்தும் ஆடு மெலியுது, ஏன்?

வேலணைத் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் நாலு மறியும் ஒரு கிடாயும் நிற்கின்றன, எல்லாம் சமுனாபாரிக் கலப்பு. கோடையில் வெளியெல்லாம் காய்ந்து கிடந்தபோது வேலிக் குழையை ஒடித்துப் போட்டே வளர்த்தேன். நல்ல மினுமினுப்பாக நின்றன. ஐப்பசி மழைக்குப் பிறகு வயல் வரம்பெல்லாம் பச்சைப் புல். விடியக் கொண்டுபோய்க் கட்டினால் பின்நேரம்தான் அவிழ்க்கிறேன். வயிறு நிறைய மேய்கின்றன, ஆனால் நாளுக்கு நாள் மெலிகின்றன. மூத்த மறிக்குத் தாடைக்குக் கீழே மெத்தென்று ஒரு வீக்கம். கழிச்சல் இல்லை. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கூட்டிப் போட்டால் தேறுமா?

மிருசுவில் பட்டி:
தாடை வீக்கம் என்றால் பெரும்பாலும் பூச்சிதான். முதலில் அதைப் பாருங்கோ, பிண்ணாக்கைப் பிறகு யோசிக்கலாம்.

சரசாலை அக்கா:
தம்பி, இன்றைக்கே அந்த மறியை வெளிச்சத்தில் நிறுத்திக் கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்துப் பாரும். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறிப் போயிருந்தால் இரத்தம் வற்றிவிட்டது என்று அர்த்தம். ஆட்டின் நாலாவது இரைப்பையில் தங்கி இரத்தம் குடிக்கிற புழு ஒன்று இருக்கிறது. அது கழிச்சலைக் காட்டாது. அதனால்தான் பலர் கடைசிவரை கவனிப்பதில்லை. ஆடு தின்னும், அசை போடும், திடீரென்று ஒரு நாள் படுத்துவிடும். கடவுளே என்று அந்த நிலைக்கு விட வேண்டாம்.

அந்தப் பெண் புழு ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டை பிழுக்கையோடு நிலத்தில் விழும். எங்கட மாரியைப் போல ஈரமும் சூடும் சேர்ந்தால் ஒரு கிழமைக்குள் அடுத்த ஆட்டைப் பிடிக்கத் தயாராகிவிடும். காலைப் பனியில் குஞ்சுப் புழு புல்லில் ஏறி நிற்கும், அதுவும் பெரும்பாலும் நாலு விரற்கடைக்குள். நீர் விடியக் கட்டுகிறீர். ஒரே முளையில் கட்டினால் ஆடு தன் பிழுக்கை கிடக்கிற இடத்திலேயே அடிப்புல்வரை கரும்பும். கோடையில் குழை தின்று கொழுத்த ஆடு மாரியில் புல் தின்று மெலிகிறது என்று நீரே எழுதியிருக்கிறீர். பதில் அதற்குள்தான் இருக்கிறது.

ஆட்டுக்குப் புல் இரண்டாம் சாப்பாடு. வீட்டாட்டின் மூதாதை ஈரான், துருக்கிப் பக்கத்து மலைகளில் இன்றும் வாழ்கிற காட்டாடு. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அந்த மலைப் பக்கத்தில்தான் மனிதர் அதைப் பழக்கினார்கள். காய்ந்த பாறையில் பற்றையும் இலையும் கடித்துக்கொண்டு நகர்கிற சீவன் அது. பிழுக்கை விழுந்த ஈரப் புல்லில் வாய் வைக்கிற பிழைப்பு அதற்குக் குறைவு. அதனால் செம்மறியளவுக்குப் புழுவைத் தாங்குகிற உடம்பு ஆட்டுக்கு வாய்க்கவில்லை.

கிளுவை வேலியில் ஒரு மறி குழை கடிப்பதை நின்று பாரும். முன்காலைக் கதியாலில் ஊன்றிப் பின்காலில் எழும்பும். மேல் உதடு முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே நுழைந்து கொழுந்தை மட்டும் தேடிப் பிடுங்கும். ஒரு கொப்பை மொட்டையடிக்காமல் அடுத்த கொப்புக்குப் போய்விடும். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க அலுக்காது. கீழே விழுந்து மிதிபட்ட குழையை அது தொடாது. அதைச் செருக்கு என்று அடிக்கிறவர்களைக் கண்டால் மனம் பொறுக்காது. அதுதான் அதன் காவல். ஆகவே குழையை நிலத்தில் போட வேண்டாம், தலை உயரத்துக்குக் கட்டித் தொங்கவிடும்.

பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை, பலா எல்லாம் நல்லது. இப்பிலிப்பில் குழையை மற்றதோடு கலந்துதான் கொடுக்க வேண்டும், அதையே முழுச் சாப்பாடாக்கக் கூடாது. மரவள்ளிக் குழை பச்சையாக வேண்டாம், வெயிலில் நன்றாகக் காயவிட்டுக் கொஞ்சமாகக் கொடுக்கலாம். அலரி நஞ்சு. வெட்டிய அலரிக் கொப்பு ஆடு எட்டுகிற தூரத்தில் கிடக்கவே கூடாது.

மருந்துக்கு மிருக வைத்தியரைக் கூப்பிடும். செம்மறிக்கு எழுதியிருக்கிற அளவு பல மருந்துகளில் ஆட்டுக்குப் போதாது, அதன் உடம்பு மருந்தைக் கெதியாகக் கழித்துவிடும். குறைத்துக் கொடுத்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும்.

கோவையில் ஒரு யாழ்ப்பாணத்தான்:
அக்கா, ஒரு சந்தேகம். வால்பாறைப் பாதையில் வரையாடுகளைக் கண்டிருக்கிறேன். அவை புல்தானே மேய்கின்றன?

சரசாலை அக்கா:
உண்மைதான் தம்பி. ஆனால் வரையாடு வேறு சாதி. தமிழ்நாட்டின் மாநில விலங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளும் பாறைச் சரிவுகளும்தான் அதன் வீடு. பெயரில் ஆடு இருந்தாலும் உறவில் செம்மறிக்குத்தான் கிட்ட. எங்கட வீட்டாடு அதன் வழி வந்ததல்ல. இலங்கையில் இயற்கையாகக் காட்டாடே இல்லை.

வேலணைத் தம்பி:
அக்கா, இமையைப் பார்த்தேன். மூத்த மறிக்கு நல்லாக வெளிறியிருக்கு, மற்ற மூன்றும் பரவாயில்லை. கிடாய்க்குச் சிவப்பு. வைத்தியர் நாளைக் காலை வருகிறார். கொட்டில் மண் தரை, மழைக்கு ஊறுது. என்ன செய்யலாம்?

சரசாலை அக்கா:
வைத்தியர் வரும்வரை மூத்த மறியை நடத்தவோ விரட்டவோ வேண்டாம். நிழலில் தண்ணீரும் குழையும் வைத்து நிற்கவிடும்.

கொட்டிலுக்குப் பரண் போடும். பனஞ்சிலாகை இருந்தால் அதுவே போதும். இடைவெளி பிழுக்கை விழுகிற அளவு, அரை அங்குலம் சொச்சம். கூடினால் குட்டியின் கால் சிக்கும். கீழே சேர்கிற பிழுக்கையை அள்ளித் தோட்டத்துக்குப் போடலாம், வெங்காயத்துக்கு அருமையான பசளை. மேய்ச்சலுக்குப் பனி காய்ந்த பிறகு கொண்டுபோம், முளையையும் அடிக்கடி மாற்றும். மழை நாளில் வெளியே விடாமல் குழையோடு கொட்டிலிலேயே நிற்கட்டும்.

பிண்ணாக்கு போடலாம், புரதம் இருந்தால் இரத்தம் ஊறும். கொஞ்சத்தில் தொடங்கிக் கூட்டும். தவிட்டை ஒரேயடியாக அள்ளி வைத்தால் வயிறு புளித்துவிடும்.

இன்னொன்று, மறிகளில் எதையாவது கிடாயோடு விட்டிருந்தால் வைத்தியரிடம் முதலே சொல்லும். சினையின் தொடக்கத்தில் கொடுக்கக் கூடாத பூச்சி மருந்தும் இருக்கிறது.