பழைய ஸ்னோமொபைல் வாங்கியாச்சு, வீட்லயே ரிப்பேர் பண்ண முடியுமா?

டிம்மின்ஸ் புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். காலேஜ் முடிச்சு இங்கயே கனடாவுல, ஒன்டாரியோ மாகாணத்து டிம்மின்ஸ்ல வேலை கிடைச்சிருச்சு. கூட வேலை பாக்கிறவர் பனி மேல ஓட்டுற தன்னோட பழைய ஸ்கீ-டூ ஸ்கான்டிக் ஸ்னோமொபைலைக் கம்மி விலைக்குக் குடுத்தார். 1990கள் தொடக்கத்து வண்டி, ரோட்டாக்ஸ் 377 எஞ்சின். ரொம்ப நாளா ஷெட்ல கிடந்ததாம். கயிறு இழுத்தா சோக் போட்டபடி ஓடுது, சோக்கை எடுத்தா நின்னுடுது. கடையில கேட்ட கூலி வண்டி விலையையே தொடுது. ஊர்ல பைக் வேலை கொஞ்சம் பாத்திருக்கேன். நானே இறங்கலாமா?

சட்பரிக்காரன்:
தாராளமா இறங்கு தம்பி. ஆர்எக்ஸ்100 கார்பரேட்டரைக் கழட்டி மாட்டின கை உனக்கு இருந்தா போதும். இதுவும் டூ ஸ்ட்ரோக், இதுலயும் மிக்குனி கார்பரேட்டர்தான். காத்தாடி வச்சுக் குளிர வைக்கிற எஞ்சின், அதனால ரேடியேட்டர், கூலன்ட் தொல்லையும் இல்ல. புதுசா வர்றவங்க ஸ்னோமொபைல் வாங்கணும்னா இந்த மாதிரி வண்டியைத்தான் வாங்கச் சொல்வேன். ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வச்ச பழைய பெரிய வண்டி மலிவா வருதேன்னு ஆசைப்படாதீங்க.

சோக் இல்லாம ஓடலைன்னா பைலட் ஜெட் (எஞ்சின் மெதுவா ஓடும்போது பெட்ரோல் விடுற பொடித் துளை வச்ச திருகு) அடைச்சிருக்குன்னு முக்கால்வாசி நிச்சயமாச் சொல்லலாம். நாள்பட்ட பெட்ரோல் வத்திப் பிசினா ஒட்டியிருக்கும். டேங்க்ல உள்ள பழசை முழுசா இறக்கிடு. கார்பரேட்டரைக் கழட்டி, அடிக் கிண்ணத்தைத் திறந்து, பைலட் ஜெட்டைத் திருகி எடுத்து வெளிச்சத்துக்கு நேரா பிடி. நடுவுல ஊசிமுனை அளவு வட்டமா வெளிச்சம் தெரியணும். மங்கலாவோ, பிறை மாதிரி ஒரு பக்கம் மட்டுமோ தெரிஞ்சா அடைப்பு இருக்கு. கிளீனர் அடிச்சு ஊற வை, அப்புறம் காத்து அடி. கம்பி, டிரில் பிட் எதையும் உள்ள விடாத. துளை கொஞ்சம் பெருசானாலும் பெட்ரோல் கணக்கே மாறிடும். கிளீனர் அடிக்கிறதுக்கு முன்னாடி ரப்பர் ரிங்கையெல்லாம் எடுத்துடு, உப்பிப் போயிடும்.

ஜெட் சுத்தமானதும் வேலை முடிஞ்சதுன்னு ஏரிப் பக்கம் கிளம்பிடாத. கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் குழாயைக் கையால வளைச்சுப் பாரு. நேரா இருக்கும்போது தெரியாத வெடிப்பு வளைச்சாத்தான் வாயைப் பிளக்கும். பெட்ரோல் ஹோஸ் வெறச்சுப் போயிருந்தா எல்லாத்தையும் மாத்து. எஞ்சின்ல இருந்து ஃபியூல் பம்புக்குப் போற மெல்லிசான குழாயையும் விட்டுடாத. எஞ்சினோட அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள்ள ஏறி இறங்குற அழுத்தத்துலதான் அந்தப் பம்பே வேலை செய்யுது.

இவ்வளவு ஏன் சொல்றேன்னா, டூ ஸ்ட்ரோக்ல காத்து எங்கயாவது திருட்டுத்தனமா உள்ள போச்சுன்னா கலவைல பெட்ரோல் குறைஞ்சு பிஸ்டன் சூடேறி உருகிடும். குளிர்ல இது இன்னும் மோசம். 20 டிகிரியில இருக்கிற காத்தை விட மைனஸ் 30-ல காத்து சுமார் 20 சதவீதம் அடர்த்தி ஜாஸ்தி. அதே வால்யூம்ல அவ்வளவு கூடுதல் காத்து, அதுக்கு ஏத்த பெட்ரோல் வேணும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் சத்தம் சட்டுனு இறங்காம உயரத்திலேயே தொங்குதா? உடனே நிறுத்து. காத்து கசியிற இடத்தைக் கண்டுபிடிக்காம ஓட்டாத. எந்த ரப்பரும் கிழியலைன்னா கிராங்க் தண்டு ஓரத்துல காத்து போகாம அடைக்கிற கிராங்க் சீல் மேலதான் சந்தேகம். அந்த ஒரு வேலைக்கு மட்டும் கடைக்குப் போறதுல தப்பில்ல.

டிம்மின்ஸ் புதுசு:
ரொம்ப நன்றிண்ணா. ஜெட்ல பிறைதான் தெரிஞ்சது! சுத்தம் பண்ணிட்டேன், இப்ப சோக் இல்லாமலே அணையாம ஓடுது. எஞ்சின் நல்ல நிலையில இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

சட்பரிக்காரன்:
சிலிண்டருக்குள்ள அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரஷன் கேஜ் ஒண்ணு வாங்கு, பெரிய விலை இல்ல. ரெண்டு பிளக்கையும் கழட்டி, கில் ஸ்விட்ச்சை அமுக்கி, ஆக்சிலரேட்டரை முழுசாப் பிடிச்சுக்கிட்டு முள் ஏறாம நிக்கிற வரைக்கும் கயிறை இழு. 120 பிஎஸ்ஐ பக்கம் வந்தா நிம்மதி. அதை விட முக்கியம், ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுல வித்தியாசம் 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து பிளக் நிறத்தைப் பாரு. காபிக்கொட்டை நிறம் நல்லது. வெள்ளையா இருந்தா பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். கறுப்பா ஈரமா இருந்தா பெட்ரோல் அதிகம், பிளக் தொலையுமே தவிர பிஸ்டனுக்கு ஆபத்தில்ல.

உனக்குப் புதுசா இருக்கப்போறது கிளட்ச் பக்கம்தான். ஸ்கூட்டர்ல இருக்கிற வேரியேட்டர் பெல்ட் சமாச்சாரம்தான், ஆனா பெருசு. பெல்ட் ஓரம் நூல் நூலாப் பிரிஞ்சாலோ, மேனுவல்ல சொன்ன அகலத்தை விடத் தேய்ஞ்சாலோ மாத்து. பழைய பெல்ட்டைத் தூக்கி எறியாம சீட்டுக்கு அடியில வை. காட்டு நடுவுல பெல்ட் அறுந்தா அதுதான் உன்னை வீடு சேர்க்கும். கிளட்ச் மேல எண்ணெய், கிரீஸ் எதுவும் படக்கூடாது.

வண்டியை ஓட்டுற செயின் இருக்கிற பெட்டியில (செயின் கேஸ்) ஆயிலை மாத்து. சக்கரத்துக்குப் பதிலா கீழ ஓடுற ரப்பர் டிராக்குக்கு உள்ள, தண்டவாளம் மாதிரி ரெண்டு பிளாஸ்டிக் பட்டை இருக்கும். அதுக்கு வழுவழுப்பு குடுக்கிறதே பனிதான். வெறும் ஐஸ்லயும் ரோட்லயும் ஓட்டினா அது உருகி ஒட்டிக்கும்.

தண்டர் பே அக்கா:
அவர் எஞ்சினை விட்டு வெளிய வர மாட்டார், மிச்சத்தை நான் சொல்றேன் தம்பி. குளிருதுன்னு கராஜ் கதவை மூடிட்டு ஸ்டார்ட் பண்ணாதீங்க. அரைக் கதவு திறந்து வச்சாலும் பத்தாது, வண்டியை வெளிய தள்ளிட்டுப் போங்க. கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளயும் வரும், வாசனையே தெரியாது. பின்பக்கத்தைத் தூக்கி வச்சு டிராக்கைச் சுத்த விடும்போது பின்னால யாரும் நிக்கக் கூடாது, முக்கியமா குழந்தைங்க. ஒரு கல் மாட்டியிருந்தாலும் குண்டு மாதிரிப் பறக்கும். ஒவ்வொரு தடவையும் கயிறு இழுக்கிறதுக்கு முன்னாடி ஆக்சிலரேட்டரை அமுக்கி விட்டுப் பாருங்க. கேபிள்ல ஈரம் உறைஞ்சிருந்தா லீவர் திரும்பாது, வண்டி கிளம்பினா நிக்காது.

பேப்பர் விஷயம்: வாங்கின 6 நாளுக்குள்ள சர்வீஸ்ஒன்டாரியோ அரசு அலுவலகத்துல உங்க பேருக்கு மாத்தணும். சொந்த இடத்தைத் தாண்டினா இன்ஷூரன்ஸ், ஹெல்மெட் ரெண்டும் கட்டாயம். ஓஎஃப்எஸ்சி (ஒன்டாரியோ ஸ்னோமொபைல் சங்கங்களோட கூட்டமைப்பு) டிரெயில்ல, அதாவது அவங்க பனிப் பாதையில ஓட்ட அவங்க பெர்மிட் தனியா வேணும். 1999-க்கும் அதுக்கு முந்தின மாடலுக்கும் கிளாசிக் பெர்மிட்னு விலை குறைச்சலா ஒண்ணு இருக்கு, கேட்டு வாங்குங்க. ஏரி மேல போறதுன்னா கனடா செஞ்சிலுவைச் சங்கம் சொல்ற கணக்கு, ஸ்னோமொபைலுக்கு 25 சென்டிமீட்டர் ஐஸ். பக்கத்து வீட்டுக்காரர் 10 சென்டிமீட்டர்லயே போறார்னா அது அவர் தலையெழுத்து.

டிம்மின்ஸ் புதுசு:
அக்கா, நாளைக்கே பேர் மாத்திடறேன். அண்ணா, கடைசியா ஒண்ணு. சீசன் முடிஞ்சதும் எப்படி எடுத்து வைக்கிறது?

சட்பரிக்காரன்:
அக்கா சொன்ன ஆக்சிலரேட்டர் விஷயத்தைத்தான் நான் முதல்லயே சொல்லியிருக்கணும்.

உன் வண்டி கெட்டதே எடுத்து வச்ச லட்சணத்தால, அதனால இதை நல்லா செய். பம்ப்ல ஸ்டிக்கரைப் படிச்சு எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைச்சா அதைப் போடு. பெட்ரோல் கெடாம இருக்க ஸ்டெபிலைசர் ஊத்தி, அது கார்பரேட்டர் வரைக்கும் போய்ச் சேர 10 நிமிஷம் ஓட விடு. டேங்க்ல ஊத்திட்டு அப்படியே மூடி வச்சா ஜெட்டுக்கு ஒரு புண்ணியமும் இல்ல. அப்புறம் எஞ்சின் உள்ள துருப்பிடிக்காம இருக்க ஃபாகிங் ஆயில் அடிச்சு நிறுத்து. பெல்ட்டைக் கழட்டு, கிரீஸ் நிப்பிள் எல்லாத்துக்கும் கிரீஸ் அடி, பின்பக்கத்தைத் தூக்கி வை.

இங்க எலிக்கு ஏர்பாக்ஸும் சைலன்சரும்தான் மாளிகை. காத்து போற வாய்லயும் புகை வர்ற வாய்லயும் இரும்பு நார் அடைச்சு வை. அடைச்சதை ஒரு துண்டு டேப்ல எழுதி கயிறு இழுக்கிற கைப்பிடியிலேயே ஒட்டிடு, இல்லன்னா நவம்பர்ல ஸ்டார்ட் ஆகலைன்னு மறுபடி இங்கதான் வந்து கேப்ப.